சிறு காயம்தானே என்று இருந்துவிடாதீர்கள்!

 

"சத்திரசிகிச்சை" என்ற சொல் காதில் விழுந்ததும் நம் வீட்டுப் பெண்களின் முகம் வெளிறிப் போகிறது. "ஊசியா? தையலா? வேண்டவே வேண்டாம், பத்துப் போட்டால் ஆறிவிடும்" என்கிறோம். ஆனால் சற்றுச் சிந்தியுங்கள். நம் வீடுகளில் பிறக்கும் ஆண் குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு சத்திரசிகிச்சை நடந்தே தீருகிறது. அதற்கு நாள் குறித்து, உறவினரை அழைத்து, விருந்தும் வைக்கிறோம். கத்னாவுக்கு அஞ்சாத நாம், காலில் கட்டியிருக்கும் சீழைக் கீறி எடுப்பதற்கு ஏன் அஞ்ச வேண்டும்?

வைத்தியரின் அறையிலேயே அரை மணி நேரத்தில் முடிந்து, நடந்து வீடு திரும்பக்கூடிய சிறு சிகிச்சைகள் பல இருக்கின்றன. காயத்துக்குத் தையல் போடுவது, கட்டியைக் கீறுவது, காதைக் கழுவுவது, முள்ளை எடுப்பது, மருந்து கட்டுவது போன்றவை அவை. இவற்றைப் பற்றி ஒரு மௌலவி ஏன் எழுதுகிறார் என்று கேட்பீர்கள். பெண்கள் இவற்றைத் தள்ளிப்போடுவதற்குச் சொல்லும் காரணங்கள் மூன்று: பயம், வெட்கம், "மார்க்கத்தில் கூடாதே" என்ற எண்ணம். மூன்றாவது காரணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு அல்லவா?

கடல் நடுவே ஒரு காயம்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தை அறிந்தவர்களுக்கு நான் சொல்வது நன்கு விளங்கும். வேலணை, மண்கும்பான், ஊர்காவற்றுறைப் பக்கத்தவர் பண்ணைப் பாலத்தால் தரைவழியே நகரத்துக்கு வந்துவிடலாம். புங்குடுதீவுக்கும் பாலம் உண்டு. ஆனால் நயினாதீவாரும் நெடுந்தீவாரும் குறிகட்டுவான் துறைக்குப் படகேறி வர வேண்டும். நயினாதீவிலிருந்து கால் மணி நேரம் போல. நெடுந்தீவிலிருந்தோ ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். வாடைக் காற்று எழும்பிவிட்டால் படகே ஓடாத நாட்களும் உண்டு. அவசர நோயாளியைக் கடற்படைப் படகிலும், சில வேளை விமானப்படையின் ஹெலிகொப்டரிலும் கொண்டுவந்த செய்திகளை நாம் வாசித்திருக்கிறோம். 2018ஆம் ஆண்டு வட மாகாணத்துக்கும் வந்த 1990 இலவச அம்புலன்ஸ் சேவை பேருதவிதான். ஆனாலும் அம்புலன்ஸ் வண்டி கடலைத் தாண்டி ஓடாதே!

தீவிலுள்ள மூதாட்டி ஒருவர். பெயர் வேண்டாம். பனங்கருக்கு அவரது காலைக் கிழித்துவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிச் சேலைத் துண்டால் கட்டிக்கொண்டார். அவருக்குச் சீனி வருத்தம் வேறு. ஐந்தாம் நாள் கால் வீங்கிக் காய்ச்சலும் வந்தபோது கடல் கொந்தளிப்பு. ஒருவாறு யாழ்ப்பாணம் கொண்டுவந்தபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. நோய் விசாரிக்கச் சென்ற என்னிடம் அவர் சொன்னார்: "ஆம்பிளை டொக்டருக்கிட்ட காலைக் காட்ட ஒரு மாதிரியா இருந்திச்சு மௌலவி."

அவர் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் அரசாங்க வைத்தியசாலை இருந்தது. முதல் நாளே கழுவி மருந்து கட்டியிருந்தால் அந்த விரல்கள் தப்பியிருக்கக்கூடும்.

நபிகளார் காலத்தில்

அல்லாஹ் எந்த நோயையும் அதற்கான நிவாரணத்தை இறக்காமல் இறக்கவில்லை என்ற கருத்தில் அமைந்த நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் உண்டு. உபை இப்னு கஅப் (ரலி) நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் ஒரு வைத்தியரை அனுப்பினார்கள். அவர் நரம்பைக் கீறிச் சூடு வைத்தார் என்று முஸ்லிமில் காண்கிறோம். வீடு தேடிச் சென்று செய்யப்பட்ட சிறு சத்திரசிகிச்சைதானே இது!

"பாத்திமா நாயகி காயத்தில் சாம்பல் வைத்தார்களே, நாங்களும் வைத்தால் என்ன?" என்று சில சகோதரிகள் கேட்பதுண்டு. உஹத் போரில் நடந்ததை முழுமையாகப் பாருங்கள். அலி (ரலி) தமது கேடயத்தில் தண்ணீர் கொண்டுவர, பாத்திமா (ரலி) முதலில் காயத்தைக் கழுவினார்கள். இரத்தம் நிற்கவில்லை என்று கண்ட பிறகே பாய்த் துண்டை எரித்து அதன் சாம்பலை வைத்தார்கள். தாமதமின்றிக் கழுவுவதும், இரத்தத்தை நிறுத்துவதும், கையிலிருக்கும் மிகச் சிறந்த வழியைப் பயன்படுத்துவதும்தான் அங்கே நமக்குள்ள பாடம். இன்று சுத்தமான கட்டும் தையலும் இருக்கையில் அடுப்புச் சாம்பலையும் கோப்பித் தூளையும் அள்ளிப் பூசுவது அந்த வழியைப் பின்பற்றுவது ஆகாது.

எதற்கு என்ன செய்ய வேண்டும்?

வெட்டுக் காயம்: ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். வாய் பிளந்த காயமானால் ஆறு, எட்டு மணி நேரத்துக்குள் வைத்தியரிடம் போவது நல்லது. விறைக்கும் ஊசி சில விநாடி கடுக்கும். அதன் பிறகு தையல் போடும் வலி தெரியாது. ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். முகத்துத் தையலை ஏறத்தாழ ஐந்து நாளிலும், கை கால் தையலைப் பத்து முதல் பதினான்கு நாளிலும் வெட்டுவார்கள். சொன்ன நாளில் போக மறக்க வேண்டாம்.

கட்டி: உள்ளே சீழ் கட்டிவிட்டால் மாத்திரையால் மட்டும் பெரும்பாலும் தீராது. கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும். வீட்டில் பிதுக்குவதால் கிருமி மேலும் பரவும். சீனி வருத்தம் உள்ளவர்கள் காலில் ஒரு சிறு கொப்புளம் கண்டாலும் அன்றே காட்ட வேண்டும்.

பால் கொடுக்கும் தாய்மாருக்கு மார்பு சிவந்து, கல்லாகி, காய்ச்சல் வந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அந்த நிலையிலேயே மருந்து எடுத்தால் பெரும்பாலும் சீழ் கட்டாமல் தப்பலாம். பால் கொடுப்பதைத் திடீரென நிறுத்துவதும் தவறு. பால் தேங்கினால் நோய் கூடும்.

காது: குறும்பியை எடுக்கக் கொண்டை ஊசியையும் பஞ்சுக் குச்சியையும் விடாதீர்கள்; அது இன்னும் உள்ளே தள்ளப்படும். சில நாள் எண்ணெய்த் துளி விட்டு இளக்கிய பின், வைத்தியர் இளஞ்சூட்டுத் தண்ணீரால் கழுவி எடுப்பார். காதுச் சவ்வில் துளை இருந்தாலோ காதில் சீழ் வடிந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குழந்தை காதிலோ மூக்கிலோ பயறு, கடலை போட்டுக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஊறிப் பெருத்துவிடும். மணிக்கூட்டின் சிறு பற்றரி என்றால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. அது உள்ளே சதையை அரித்துவிடும்.

கடற்றொழில் செய்யும் வீடுகளுக்கு இரண்டு செய்திகள். தூண்டில் முள் சதையில் ஏறினால் வந்த வழியே இழுக்காதீர்கள். அதன் எதிர்முள் சதையைக் கிழிக்கும். வைத்தியர் விறைக்க வைத்து முறையாக எடுப்பார். திருக்கை குத்தினால், பொறுக்கக்கூடிய சூட்டிலுள்ள வெந்நீரில் காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்தால் வலி தணியும். விறைத்த காலுக்குச் சூடு தெரியாது. ஆகவே சூட்டை முதலில் வேறொருவர் தமது கையால் பார்க்க வேண்டும். முள் துண்டு உள்ளே முறிந்திருக்கலாம் என்பதால் பிறகு வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும்.

கத்னாவுக்கு முன்னர்

கத்னாவை விறைப்பு ஊசி போட்டு, கிருமி நீக்கிய கருவியால் வைத்தியரைக் கொண்டு செய்விப்பதே பாதுகாப்பு. தாய்மார் இரண்டு விடயங்களைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். குழந்தையின் சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கத்தில் இருந்தால், சத்திரசிகிச்சை நிபுணர் பார்க்கும் வரை கத்னா செய்யவே கூடாது. அந்தக் குறையைச் சீர்செய்ய அந்தத் தோலே தேவைப்படும். இரண்டாவது, குடும்பத்தில், குறிப்பாகத் தாய்வழி மாமன்மாரில், சிறு காயத்திலும் இரத்தம் நிற்காத நோய் இருந்தால் முன்னதாகவே சொல்ல வேண்டும். "ஏழாம் நாள் தவறிவிட்டதே" என்று கலங்க வேண்டாம். நமது ஷாபிஈ மத்ஹபில் ஏழாம் நாள் விரும்பத்தக்கது. கடமையாவது பருவ வயதில்தான். பலவீனமான குழந்தைக்குப் பிற்படுத்த அனுமதி உண்டு.

வெட்கம் ஈமானின் ஒரு பகுதிதான், ஆனால்…

ஹயா ஈமானின் ஒரு கிளை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஹயாவின் பெயரால் உயிரை மாய்த்துக்கொள்ள மார்க்கம் சொல்லவில்லை. உங்களை நீங்களே அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்பது குர்ஆனின் எச்சரிக்கை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, "அத்தஸ்ரீப்" என்ற தமது முப்பது பாக நூலின் இறுதிப் பாகத்தைச் சத்திரசிகிச்சைக்கே ஒதுக்கினார். கருவிகளின் படங்களையும் வரைந்து காட்டினார். கற்புள்ள பெண்கள் ஆண் வைத்தியரிடம் தம்மைக் காட்டத் தயங்குவதை அவரும் அறிந்திருந்தார். அதற்காகச் சிகிச்சையை விட்டுவிடச் சொன்னாரா? இல்லை! தேர்ந்த பெண் வைத்தியரைத் தேடச் சொன்னார். கிடைக்காவிட்டால் மருத்துவிச்சியை அழைத்து, வைத்தியர் சொல்லச் சொல்ல அவரைக் கொண்டு செய்விக்கும் வழியைக் காட்டினார்.

நமது பிக்ஹு சட்டமும் இதுதான். முதலில் பெண் வைத்தியரைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் ஆண் வைத்தியரிடம் காட்டலாம். கணவரோ மஹ்ரமோ நம்பிக்கையான பெண்ணோ உடனிருக்க, தேவையான இடத்தை மட்டும், தேவையான அளவு மட்டும் காட்ட வேண்டும். "டொக்டர், ஒரு மிஸ்ஸியைக் கூட வைத்திருக்க முடியுமா?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இதே வெட்கத்தால் தவறிப்போகும் இன்னொன்று பாப் பரிசோதனை. நமது நாட்டில் 1996ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகளில் பிரஷர், சீனி, மார்பு ஆகியவற்றைப் பார்ப்பதோடு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான சோதனையும் இலவசமாகச் செய்கிறார்கள். குறிப்பாக 35 வயதிலும் 45 வயதிலும் இதைச் செய்துகொள்ள அழைக்கிறார்கள். வெட்டும் இல்லை, தையலும் இல்லை. சில நிமிடத்தில் மேலாக வருடி எடுப்பதுதான். நோய் வருவதற்கு முன்பே அதன் அடையாளத்தைக் கண்டுவிடலாம். மாதவிடாய் இல்லாத நாளில் போங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கேட்டால் நாளும் இடமும் சொல்வார்.

தொழுகையும் நோன்பும்

"கட்டுப் போட்டால் வுழூ எப்படி? தொழுகை போய்விடுமே!" என்று தையலை மறுத்தவர்களும் உண்டு. ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஒரு சம்பவம் அபூதாவூதில் வருகிறது. தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானது. "தயம்மும் செய்ய உமக்கு அனுமதியில்லை" என்று தோழர்கள் சொல்ல, அவர் குளித்தார், இறந்தும் போனார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள், அவர்கள் அந்த மனிதரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடிந்து, தெரியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்ற கருத்தை உணர்த்தினார்கள்.

ஆகவே நல்ல பாகத்தைக் கழுவி, கட்டின் மேல் ஈரக் கையால் மஸ்ஹு செய்து, காயப்பட்ட பாகத்துக்காகத் தயம்மும் செய்து தொழுங்கள். தன் காயத்து இரத்தம் சிறிது கட்டில் ஊறியிருப்பதும் மன்னிக்கப்படும். முகத்திலோ கையிலோ கட்டு இருந்தால் தொழுகையைத் திருப்பித் தொழ வேண்டுமா என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விறைப்பு ஊசியால் நோன்பு முறியாது. காதைக் கழுவுவதை மட்டும் நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காதின் உட்பகுதிக்குள் எதையும் செலுத்தினால் நோன்பு முறியும் என்பது நமது மத்ஹபின் தீர்ப்பு.

தமிழிலேயே கேளுங்கள்

"டொக்டரிடம் என்ன பேசுவது?" என்ற தயக்கமும் வேண்டாம். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நம் நாட்டு இளைஞருக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். "இரணவைத்தியம்" என்ற சத்திரசிகிச்சை நூலையும் தமிழில் தந்தார். அவ்வளவு காலத்துக்கு முன்பே தமிழில் சொல்ல முடிந்ததை இன்று நாம் தமிழில் கேட்க முடியாதா? என்ன செய்யப் போகிறீர்கள், வலிக்குமா, கட்டை எப்போது மாற்றுவது, எந்த அடையாளம் கண்டால் உடனே திரும்பி வர வேண்டும் என்று நான்கு கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

சகோதரிகளே! பிள்ளையின் காலில் ஒரு கீறல் கண்டால் துடித்துப்போகும் நீங்கள், உங்கள் காயத்தை மட்டும் முந்தானையால் மறைத்துக்கொள்கிறீர்கள். இந்த உடலும் அல்லாஹ் தந்த அமானிதம் அல்லவா? கடல் அமைதியாக இருக்கும் நாளில், காயம் சிறிதாக இருக்கும்போதே, துணைக்கு ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு புறப்படுங்கள். ஷிபாவைத் தருபவன் அல்லாஹ். அவன் தந்த வழியை நாடிச் செல்வது நம் கடமை.

நம் வீடுகளிலுள்ள நோயாளிகள் அனைவருக்கும் அவன் பூரண சுகத்தை அருள்வானாக! ஆமீன்.