கூரை விளக்கும் முதல் ரிப்போர்ட்டும்

கெடாவின் பீடோங், பாடாங் செராய், கோலா கெட்டில் பக்கம் இரவு ஷிஃப்ட் முடிந்து மோட்டாரில் வீடு திரும்புகிறவர்கள் ஒரே மாதிரி விபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எதிரே ட்ரெக்டர் வருகிறது. அதன் கூரைமேல் வரிசையாக வெள்ளை எல்.இ.டி. விளக்குகள். கண் கூசி ரோட்டோரக் கோடு மறைந்துபோகிறது, மோட்டார் கால்வாய்க்குள் போகிறது. ட்ரெக்டர் இவர்மேல் உரசக்கூட இல்லை. மறுநாள் போலீஸ் நிலையத்தில் “நானே சறுக்கி விழுந்துவிட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியால் நஷ்ட ஈட்டுக்கான வழியைத் தாங்களே அடைத்துவிடுகிறார்கள்.

அந்த விளக்குகள் அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. மூடா நெற்பாசனப் பகுதியில் 1970 முதல் ஆண்டுக்கு இரண்டு போகம். உழவும் அறுவடையும் இருட்டிலும் நடக்கின்றன. சேறு அடித்தால் கீழ் விளக்கு மூடிக்கொள்ளும். செம்பனைத் தோட்டத்தில் முன்னால் குலை அள்ளும் கருவி பொருத்தினால் அது கீழ் விளக்கை மறைக்கும். ஆகவே வயலிலும் தோட்டத்திலும் கூரை விளக்கு வேண்டும்தான். ஆனால் அது வேலை விளக்கு, ரோட்டு விளக்கு அல்ல. காரின் தாழ்ந்த விளக்கில் ஒளி கீழ்நோக்கி வெட்டப்பட்டிருக்கும். வேலை விளக்கில் அந்த வெட்டு கிடையாது, ஒளி மேலும் பக்கமும் அகலமாகப் பரவும். அதை இரண்டரை மீட்டர் உயரத்தில் வைத்து ரோட்டில் எரித்தால், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் மோட்டார்க்காரர் கண்ணில் நேராக இறங்கும்.

ஐரோப்பாவில் முன்கருவி பொருத்திய ட்ரெக்டருக்கு உயரத்தில் இன்னொரு ஜோடி தாழ்ந்த விளக்கு வைக்க அனுமதி உண்டு. கீழ் ஜோடியும் மேல் ஜோடியும் ஒரே நேரத்தில் எரியக்கூடாது என்பது அதற்கு நிபந்தனை. இந்தியாவின் மோட்டார் வாகன விதி 106 எளிய அளவுகோல் ஒன்றைத் தருகிறது: விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை அது கூசச் செய்யக்கூடாது. அது நம் நாட்டுச் சட்டம் இல்லை. ஆனாலும் உங்கள் ட்ரெக்டரை இன்றிரவே அப்படிச் சோதித்துப் பாருங்கள். விளக்கை எரியவிட்டு, எட்டு மீட்டர் தள்ளி நீங்களே போய் நில்லுங்கள்.

மலேசியாவில் வாகன விளக்குகள் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கும், வாகன அமைப்பு பற்றிய 1959 விதிகளுக்கும் உட்பட்டவை. அந்த விதிகள் சம்மனில் எல்.என். 170/59 என்று வரும். விதி மீறிய விளக்குக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். “இது தோட்டத்து ரோடுதானே” என்று சொல்லித் தப்ப முடியும் என்று நினைக்காதீர்கள். பொதுமக்கள் போய்வரக்கூடிய எந்த வழியையும் சட்டம் சாலை என்றே சொல்கிறது. லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் செம்மண் பாதையும் அதில் வரலாம்.

ட்ரெக்டர் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். ரோட்டில் ஏறும் ட்ரெக்டருக்குப் பதிவு, சாலை வரி, மூன்றாம் தரப்புக் காப்புறுதி மூன்றும் வேண்டும். ஓட்டுபவருக்குக் கார் லைசென்ஸ் போதாது. 5,000 கிலோவுக்கு உட்பட்ட சக்கர ட்ரெக்டருக்கு ‘எஃப்’ வகுப்பு, அதற்கு மேல் ‘எச்’. கூரை விளக்குக்குத் தனி சுவிட்ச் போட்டு, ரோட்டு விளக்கு எரியும்போது அது எரியாதபடி வயர்மேனிடம் சொல்லுங்கள். கேட்டைத் தாண்டும் முன் விளக்குமேல் கேன்வாஸ் உறை போட்டால் இன்னும் நல்லது. பின்னால் பார்க்கும் வெள்ளை விளக்கையும் அணையுங்கள். பின்னால் வருகிறவருக்கு அது எதிரே வரும் வண்டி போலத் தெரியும். ட்ரெய்லருக்குப் பின்னால் சிவப்பு விளக்கும் பிரதிபலிப்பானும் இல்லாமல் ரோட்டில் இறங்காதீர்கள். முன்னால் பகல்போல வெளிச்சம், பின்னால் ஒரு பொட்டு சிவப்பு இல்லை. இதுதான் நான் அதிகம் பார்க்கும் கோலம், எனக்கு ஆத்திரமாக வருகிறது.

புகார் செய்ய விரும்புகிறவர்கள் அலோர் ஸ்டாரிலோ சுங்கைப் பட்டாணியிலோ உள்ள சாலைப் போக்குவரத்து இலாகா (ஜே.பி.ஜே.) அலுவலகத்துக்குப் போகலாம். ஜே.பி.ஜே.யின் ‘சிஸ்பா’ புகார் தளத்திலும் பதியலாம். நாள், நேரம், ரோட்டின் பெயர், ட்ரெக்டர் போன திசை, எண் பலகை, படம் எல்லாம் வேண்டும். எண் பலகையே இல்லையென்றால் அதையே முதல் புகாராக எழுதுங்கள், எந்தத் தோட்டத்து வாசலுக்குள் போனது என்றும் சேருங்கள். “இது போலீஸ் வேலை” என்று இங்கேயும், “இது ஜே.பி.ஜே. வேலை” என்று அங்கேயும் அலைக்கழிப்பார்கள். இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் இரு தரப்புக்கும் உண்டு. புகார் எண் வாங்காமல் கவுன்டரைவிட்டு நகராதீர்கள்.

இனி விபத்து நடந்துவிட்டால். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட். மருத்துவமனையில் படுத்திருந்தால் குடும்பத்தார் போய்ப் பதியட்டும். நீங்கள் தமிழில் சொல்வதை அங்கே மலாயில் தட்டச்சு செய்வார்கள். கையெழுத்துக்கு முன் படித்துப் பாருங்கள், படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். ‘டெர்பாபாஸ் செண்டிரி’, அதாவது தானாகத் தடம் மாறினார், என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ‘லம்பு ட்ரெக்டர் மெஞிலாவ்கான் மாத்தா சாயா’ என்ற வரி அதில் இருக்க வேண்டும்: ட்ரெக்டர் விளக்கு என் கண்ணைக் கூசச் செய்தது. விளக்கு கூரைமேல் இருந்ததையும், எத்தனை எரிந்தன என்பதையும், எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். மீண்டும் சொல்கிறேன், அந்த முதல் ரிப்போர்ட்டில் விளக்கு இல்லையென்றால், பிறகு நீங்கள் சொல்வதைக் காப்புறுதி நிறுவனம் புதிதாகக் கட்டிய கதை என்றுதான் வாதிடும்.

பிறகு போக்குவரத்துப் போலீஸிடம் கட்டணம் கட்டி ‘ராஜா காசார் டான் குஞ்சி’ என்ற சம்பவ இட வரைபடத்தையும் அதன் விளக்கக் குறிப்பையும் வாங்குங்கள். ட்ரெக்டர் நின்ற இடமோ போன வழியோ அதில் இல்லையென்றால் விசாரணை அதிகாரியிடம் அன்றே கேளுங்கள்.

வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ விபத்து நடந்திருந்தால் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலையிடப் பாதுகாப்புத் திட்டம் அதை ஏற்கும். தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. 2019 ஜனவரி 1 முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் இத்திட்டம் உண்டு. முதலாளி 48 மணி நேரத்துக்குள் பாரம் 34-இல் தெரிவிக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலையிடம் வரை போகும் வழியின் வரைபடம், அன்றைய வருகைப் பதிவு, போலீஸ் ரிப்போர்ட் மூன்றையும் எடுத்து வையுங்கள். கிராணி “பார்க்கலாம்” என்று இழுத்தால் நேராக சொக்சோ அலுவலகத்துக்கே போங்கள்.

ட்ரெக்டருக்குக் காப்புறுதி இல்லை என்று தெரிந்தால் வழக்கறிஞரிடம் மோட்டார் காப்புறுதியாளர் பணியகத்தைப் பற்றிக் கேளுங்கள். காப்புறுதியற்ற வாகனத்தால் பாதிக்கப்பட்டவர்கள் அங்கே விண்ணப்பிக்கலாம். காயத்துக்கான வழக்கைத் தீபகற்ப மலேசியாவில் ஆறு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். இறந்தவரின் குடும்பம் போடும் வழக்குக்கு மூன்றே ஆண்டுகள். துக்கத்திலேயே இரண்டு ஆண்டு ஓடிவிடுகிறது. கருமாதி முடிந்த வாரமே அந்தப் போலீஸ் ரிப்போர்ட்டின் நகலை எடுத்து ஒரு கோப்பில் போட்டுவிடுங்கள்.