சிடிஎம்ஏ போன் போன இடம்

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்து லயத்துக் காம்பராக்களுக்குப் போனவர்களுக்கு சிடிஎம்ஏ போன் நினைவிருக்கும். மேசைத் தொலைபேசிதான், கம்பி மட்டும் கிடையாது. அதற்கு முன் தோட்டத்தில் தொலைபேசி என்றால் ஆபீஸும் துரை பங்களாவும்தான். கொழும்புக் கடையில் நிற்கும் மகனும் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன தாயும் நேரே காம்பராவுக்கே பேச வழிவிட்டது அந்தப் பெட்டி. 2005ஐ அடுத்த வருடங்களில் ஸ்ரீலங்கா டெலிகொம், லங்கா பெல், சன்டெல் மூன்றும் அதைப் போட்டி போட்டு விற்றன.

பின்னர் அந்தப் பெட்டி ஜிஎஸ்எம் கைபேசியிடம் தோற்றது, ஆனால் தரக்குறைவால் அல்ல. பின்னால் வந்த 3ஜியே சிடிஎம்ஏ நுட்பத்தில்தான் ஓடியது! 1995இல் டயலொக் கொண்டுவந்த ஜிஎஸ்எம்மில் சிம்மைக் கழற்றி எந்தப் பழைய போனிலும் போடலாம். கொழுந்து மலைக்கும் கொண்டு போகலாம். உலகின் பெரும்பகுதி ஜிஎஸ்எம் பக்கம் சாய்ந்ததால் போன் விலையும் இறங்கியது. வேறு நுட்பத்தில் இருந்த மொபிட்டலும் 2004இல் இந்தப் பக்கம் வந்துவிட்டது.

ஆனால் மலையில் நுட்பத்தைவிட அலைவரிசைதான் பெரிய விஷயம். 900 மெகாஹெர்ட்ஸ் அலை மலைமுகட்டைத் தாண்டி ஓரளவு வளைந்து இறங்கும். 2006இல் வந்த 3ஜியின் 2100 அவ்வளவு வளையாது. டவுனில் சிக்னல் நிறைந்திருக்க, கீழ் டிவிசனில் ஒரு கோடுகூட இராது. 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடியபோது பிள்ளைகள் ஆன்லைன் பாடத்துக்காக மேடு தேடி ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம். 2,524 மீட்டர் உயரப் பீதுருதலாகலையில் நட்ட கோபுரம் ரூபவாஹினிக்குப் போதும். டீவி பதில் பேசாதே. கையிலுள்ள போனின் சின்னச் சக்தி டவர்வரை திரும்பிப் போயாக வேண்டும். ஆகவே பள்ளத்தாக்குக்கு ஒரு டவர் வேண்டும். சில்லறை ரீலோடை நம்பி அதை நடக் கம்பனிகள் தயங்குகின்றன.

5ஜி பரவலாக ஓடும் 3500 மெகாஹெர்ட்ஸ் இன்னும் மோசம். 2024இல் அனுமதி பெற்ற செய்மதி இணையமான ஸ்டார்லிங்குக்கு மலை தடையில்லை, வானம் திறந்திருந்தால் போதும், விலைதான் தடை. தோட்டப் பாடசாலைக்கு அரசாங்கம் வாங்கிக் கொடுக்கலாம், லயத்துக் குடும்பம் வாங்காது.

தோட்டங்களுக்கு நிஜமான கேள்வி 2ஜியை எப்போது மூடுவது என்பதுதான். மூடினால் பழைய பட்டன் போன்கள் ஊமையாகும். மூடாவிட்டால், மலைக்கு மிகப் பொருத்தமான 900இன் ஒரு பங்கு பழைய சேவைக்கே முடங்கும். மூடத்தான் வேண்டும் என்பேன். ஆனால் 4ஜியிலேயே பேசக்கூடிய பட்டன் போனை, மூடுகிற கம்பனியே பழையதுக்கு மாற்றாகக் கொடுக்க வேண்டும். அதை உரிமத்திலேயே நிபந்தனையாக எழுதத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவால் முடியும்.