புரிஞ்ச மாதிரியே இருந்துச்சே!

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஒரு லாரியும் ஒரு சின்ன காரும் நேருக்கு நேர் மோதுது. எது மேல விசை அதிகம்? பதிலை மனசுல வச்சுக்கோங்க.

எரிக் மஸூர், ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர். 1984லிருந்து அங்க பாடம் எடுத்தார். மாணவர்கள் நல்ல ரேட்டிங் கொடுத்தாங்க, கஷ்டமான கணக்கெல்லாம் போட்டாங்க. 1990ல, ஃபார்முலாவே தேவைப்படாத அடிப்படைக் கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தார். நிறைய பேர் தடுமாறிட்டாங்க. "நீங்க சொல்லித்தந்தபடி எழுதணுமா, நாங்க நிஜமா நினைக்கிறபடி எழுதணுமா?"ங்கற அர்த்தத்துல ஒருத்தர் கேட்டாராம். ஃபார்முலா மனப்பாடம், உள்ள பழைய நம்பிக்கை அப்படியே இருக்கு.

அதனால வகுப்பையே மாத்தினார். கொஞ்ச நேரம் விளக்கம், உடனே ஒரு கேள்வி. முதல்ல ஒவ்வொருத்தரும் தனியா யோசிச்சு ஓட்டுப் போடணும். அப்புறம், வேற பதில் சொன்ன பக்கத்து ஆளோட வாதாடணும். மறுபடியும் ஓட்டு. பேராசிரியருக்கு இது புரிஞ்சு பல வருஷம் ஆச்சு. எங்க தடுக்கும்னே மறந்திருக்கும். இப்பதான் புரிஞ்ச நண்பனுக்கு அது நல்லாவே தெரியும்.

இது பலன் தருதா? அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளை 2014ல் தொகுத்துப் பார்த்தாங்க. வெறும் விரிவுரை வகுப்புகள்ல சராசரியா 34 சதவீதம் பேர் ஃபெயில்; மாணவர்களும் பங்கெடுத்த வகுப்புகள்ல 22.

ஆனா எனக்கு அதிர்ச்சி கொடுத்தது 2019ல வந்த இன்னொரு ஹார்வர்டு ஆய்வு. ஒரே பாடம், ரெண்டு விதமான வகுப்பு. தாங்களே முட்டி மோதிப் படிச்சவங்க டெஸ்ட்ல அதிக மார்க். ஆனா 'நிறைய கத்துக்கிட்டோம்'னு நினைச்சவங்க, சும்மா உட்கார்ந்து கேட்டவங்கதான்! வழவழன்னு ஓடுற விளக்கம் நமக்குப் புரிஞ்ச மாதிரி ஒரு பிரமையைக் கொடுத்துடுது.

எனக்கும் அதே கதைதான். காலேஜ்ல பாயிண்டர் பாடம் கேட்டப்போ தலையாட்டினேன். முதல் இன்டர்வியூல பத்து வரி கோடு காட்டி "என்ன பிரிண்ட் ஆகும்?"னு கேட்டாங்க. கை நின்னுடுச்சு.

வேலைக்கு வந்து நானும் அதே தப்பைப் பண்ணினேன். டீமுக்குப் புதுசா வந்தவங்களுக்கு ஒரு மணி நேரம் ஸ்லைடு ஓட்டிட்டு, "டவுட் இருக்கா?"ன்னு கேட்பேன். யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. இப்போ பதினைஞ்சு நிமிஷம் பேசிட்டு, "இந்த சர்வர் டவுன் ஆனா அடுத்து எது நிக்கும்? ஆளாளுக்கு எழுதுங்க, அப்புறம் பேசுவோம்"னு சொல்றேன். அப்பதான் சத்தமே வருது.

சரி, அந்த லாரி? ரெண்டு மேலயும் ஒரே விசைதான். நம்ப முடியலையா? பக்கத்துல இருக்கறவங்ககிட்ட வாதாடிப் பாருங்க.