நாட்டின் நாளைய கரியமில வாயுக் கணக்கு

நிலக்கரியும் பெட்ரோலியமும் எரியும்போது கரியமில வாயு வெளிப்படுகிறது. நீர் தேங்கிய நெல் வயல்களிலிருந்தும் கால்நடைகளிடமிருந்தும் மீத்தேன் வாயு வெளிப்படுகிறது. பூமியினின்று வான்வெளிக்குத் திரும்ப வேண்டிய வெப்பத்தில் ஒரு பகுதியை இவ்வாயுக்கள் தடுத்து நிறுத்துவதால், பூமியின் சராசரி வெப்பநிலை உயர்ந்து வருகிறது. 2020-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து வெளிப்பட்ட இத்தகைய வாயுக்களின் அளவு, எல்லாவற்றையும் கரியமில வாயுவுக்குச் சமமாக மாற்றிக் கூறினால், 295.9 கோடி டன் ஆகும். காடுகளும் மண்ணும் உறிஞ்சிக்கொண்ட அளவு இதில் கழிக்கப்படவில்லை. மொத்தத்தில் முக்கால் பங்கிற்குச் சற்று மேல் எரிசக்தியாலும், ஏறத்தாழ 14 விழுக்காடு வேளாண்மையாலும் விளைந்தவை.

2070-ஆம் ஆண்டிற்குள் நிகர வெளியீட்டைப் பூஜ்யமாக்குவதென நம் அரசாங்கம் 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தது. ஆனால், நம் நாட்டில் இன்னும் கட்டப்பட வேண்டிய வீடுகள் பல. பள்ளிகளும் மருத்துவமனைகளும் பல. இவை யாவற்றிற்கும் சிமெண்டும் எஃகும் மின்சாரமும் வேண்டும். வாழ்க்கைத் தரத்தை உயர்த்துவதும் வாயு வெளியீட்டைக் குறைப்பதும் ஒருங்கே கைகூடுமா? இவ்வினாவிற்கு விடை காணும் முயற்சியில் பெங்களூரு நகரம் நெடுங்காலமாக முக்கிய இடம் பெற்றுள்ளது.

சித்திரம் வேறு, சோதிடம் வேறு

எதிர்கால வெளியீட்டைக் கணிக்க விஞ்ஞானிகள் மாதிரிக் கணக்குகளை அமைக்கின்றனர். அவற்றின் வாயிலாகக் கிடைப்பவை எதிர்காலச் சித்திரங்கள். இவற்றைச் சோதிடம் போலக் கொள்ளலாகாது. "இது நடந்தே தீரும்" என்று எந்தச் சித்திரமும் கூறுவதில்லை. "இன்னின்ன வழிகளைக் கைக்கொண்டால் இன்னது விளையும்" என்பதே அது கூறுவது. ஆகவே ஒரு சித்திரத்தைப் படிக்கும்போது முதலில் நோக்க வேண்டியது முடிவிலுள்ள எண்ணை அன்று. தொடக்கத்திலுள்ள அனுமானத்தையே ஆகும்.

கணக்கின் நான்கு உறுப்புகள்

இக்கணக்கு எவ்வளவு விரிந்ததாயினும் அதன் அடிப்படை நான்கு எண்களின் பெருக்கமே. மக்கள் எத்தனை பேர்? ஒருவர் பெறும் வசதி எவ்வளவு? அவ்வசதிக்குச் செலவாகும் எரிசக்தி எவ்வளவு? ஒரு யூனிட் எரிசக்திக்கு வெளிப்படும் வாயு எவ்வளவு?

குளிப்பதற்கான வெந்நீரை எடுத்துக்கொள்வோம். நால்வர் கொண்ட ஒரு குடும்பத்திற்கு நாளொன்றுக்கு 80 லிட்டர் வேண்டுமெனக் கொள்வோம். அந்நீரை 20 டிகிரியிலிருந்து 45 டிகிரி சென்டிகிரேடுக்கு உயர்த்த ஏறத்தாழ 2.3 யூனிட் மின்சாரம் செலவாகும். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சார உற்பத்தியால் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோகிராம் கரியமில வாயு வெளிப்படுகிறது. எனவே அக்குடும்பத்தின் வெந்நீரால் நாள்தோறும் 1.6 கிலோகிராமும், ஆண்டில் ஏறத்தாழ 600 கிலோகிராமும் வெளிப்படும்.

அதே நீரை வீட்டுக் கூரைமேல் அமைந்த சூரிய வெந்நீர்க்கலம் காய்ச்சித் தருமாயின், மேகமூட்டமுள்ள நாட்கள் நீங்கலாக இவ்வெளியீடு அனேகமாக மறைந்துவிடும். நால்வரும் முன்போலவே வெந்நீரில் குளிப்பர். வசதி குறையவில்லை, வசதியைப் பெறும் வழியே மாறியது.

மற்றொரு பயனும் உண்டு. 2 கிலோவாட் திறனுள்ள வெந்நீர்க் கருவிகள் ஒரு லட்சம் வீடுகளில் காலையில் ஒரே வேளையில் இயங்கினால், அவற்றிற்கு மட்டும் 200 மெகாவாட் மின்சாரம் தேவை. காலை நேர நெருக்கடி ஒன்றைச் சமாளிப்பதற்காகவே ஒரு மின் நிலையத்தை நிறுவ வேண்டிய நிலை இதனால் ஏற்படுகிறது.

கர்நாடகத்தின் இரு கணக்குகள்

இத்தகைய சிந்தனையை ஒரு மாநிலம் முழுமைக்கும் விரித்துக் காட்டியவர் பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகப் பேராசிரியர் அமுல்ய குமார் என். ரெட்டி (1930–2006). கிராமப் பகுதிகளுக்கு விஞ்ஞானத்தைப் பயன்படுத்தும் நோக்கத்துடன் 1974-இல் 'அஸ்த்ரா' என்னும் அமைப்பை அக்கழகத்தில் தோற்றுவித்தவரும் அவரே.

கர்நாடகத்தின் மின் திட்டங்களை ஆராய்ந்த ஒரு குழு, 2000-ஆம் ஆண்டில் மாநிலத்திற்கு ஏறத்தாழ 4,750 கோடி யூனிட் மின்சாரமும், 9,400 மெகாவாட் திறனும் தேவைப்படும் என 1987-இல் மதிப்பிட்டது. கடந்த கால வளர்ச்சி வீதத்தை எதிர்காலத்திற்கும் நீட்டிப் பெறப்பட்ட மதிப்பீடு அது.

ரெட்டியும் அவருடைய குழுவினரும் எதிர்த்திசையிலிருந்து தொடங்கினர். மக்களுக்கு வேண்டுவது மின்சாரம் அன்று. வெளிச்சம், தண்ணீர், வெந்நீர், தொழில் ஆகியவையே என்று அவர்கள் கொண்டனர். வீடுகள் அனைத்திற்கும் மின் இணைப்பு, நிலத்தடி நீரின் அளவிற்கேற்ற பாசனம், வேலைவாய்ப்புத் தரும் தொழில்கள் ஆகியவற்றை இலக்குகளாக வைத்தனர். அதன்பின், சிக்கனமான விளக்குகள், திருத்தியமைத்த பம்பு செட்டுகள், சூரிய வெந்நீர்க்கலங்கள் ஆகியவற்றால் அவ்விலக்குகளை அடைய எவ்வளவு மின்சாரம் வேண்டுமெனக் கணக்கிட்டனர். விடை ஏறத்தாழ 1,800 கோடி யூனிட். திறன் 4,000 மெகாவாட். செலவோ முன்னதில் மூன்றில் ஒரு பங்களவே. கரியமில வாயு வெளியீடும் அதனில் மிகச் சிறு பகுதியாக இருந்தது. 'டிஃபெண்டஸ்' என்னும் பெயருடன் 1991-இல் வெளியான இச்சித்திரம் அப்படியே திட்டமாக நிறைவேற்றப்படவில்லை. எனினும், தேவையிலிருந்து தொடங்கும் கணக்கும், வழக்கத்திலிருந்து தொடங்கும் கணக்கும் எவ்வளவு மாறுபடக்கூடும் என்பதை அது எண்களால் நிறுவிற்று.

நாடு முழுமைக்கும் ஒரு கணக்கு

பெங்களூருவிலுள்ள 'சி-ஸ்டெப்' என்னும் ஆராய்ச்சி மையம் அண்மைக் காலத்தில் அமைத்துள்ள 'சஃபாரி' என்னும் மாதிரிக் கணக்கு, இதே முறையை நாடு முழுமைக்கும் கையாள்கிறது. உணவு, வீடு, மருத்துவம், கல்வி, போக்குவரத்து முதலிய இலக்குகளே அதன் தொடக்கம். வீடு கட்டச் சிமெண்டு வேண்டும். சிமெண்டிற்கு நிலக்கரியும் மின்சாரமும் வேண்டும். அனல் மின் நிலையத்திற்குத் தண்ணீர் வேண்டும். அத்தண்ணீரையே வயலும் கேட்கும். இவ்வாறு ஒன்றையொன்று பற்றி நிற்கும் தொடர்புகளை ஆண்டுதோறும் கணக்கிட்டு, நிலமும் நீரும் எங்கே பற்றாக்குறையாகும் என்பதை அது காட்டுகிறது.

ஒரு செயல், பல பயன்கள்

நீர் தேங்கி நிற்கும் வயலின் மண்ணில் பிராணவாயு குன்றுகிறது. அந்நிலையில் வளரும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நம் உழவர்கள் நன்கறிந்த காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில், இடையிடையே வயல் உலர்வதால் மண்ணுக்குள் பிராணவாயு புகுந்து மீத்தேன் குறைகிறது. தண்ணீர் மிஞ்சுகிறது, பம்பு செட்டிற்கான மின்சாரமும் மிஞ்சுகிறது. ஆயினும், தழைச்சத்து உரத்தை அளவுக்கு மீறி இட்டால் நைட்ரஸ் ஆக்சைடு என்னும் மற்றொரு வெப்ப வாயு மிகக்கூடும். ஆகவே உர அளவிலும் கவனம் வேண்டும்.

அவ்வாறே, புகையில்லா அடுப்பு காட்டு விறகை மிச்சப்படுத்துவதுடன், அடுப்படியில் நாளெல்லாம் நிற்கும் பெண்களின் நுரையீரலையும் காக்கிறது. வெப்பநிலை குறைவது உலகம் முழுவதற்கும் மெல்ல வரும் பயன். சுத்தமான காற்றும் மிஞ்சிய தண்ணீரும் அவ்வூராருக்கே உடனடியாகக் கிட்டும் பயன்கள். இவற்றைக் கணக்கில் சேர்க்காமல், செலவை மட்டும் கூட்டிப் பார்ப்பது அரைக் கணக்கே ஆகும்.

பயனும் பங்கீடும்

இனி மறுபுறத்தையும் காண வேண்டும். தும்கூர் மாவட்டத்தின் பாவகடா, மழை குன்றிய தாலுகா. அங்கே ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலத்தில் 2,050 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் பூங்கா அமைந்துள்ளது. நிலம் விலைக்கு வாங்கப்படாமல் குத்தகைக்கே பெறப்பட்டதால், நிலமுடையோருக்கு ஆண்டுதோறும் வருமானம் உண்டு. ஆனால், நிலமற்ற கூலியாளுக்குக் குத்தகைப் பணம் இல்லை. அவர் நம்பியிருந்த வயல் வேலையும் குறைந்தது. மாநிலக் கணக்கில் ஆதாயமாகத் தோன்றுவது, ஒரு குடும்பத்தின் கணக்கில் இழப்பாக இருக்கலாம். "மொத்தப் பயன் எவ்வளவு?" என்பதோடு "அது யாருக்கு?" என்பதையும் கேட்பதே நேர்மையான கணக்கு.

களப்பணியாளரும் ஆசிரியரும்

இக்கணக்குகள் யாவும் கிராமத்தில் திரட்டப்படும் விவரங்களை நம்பியே நிற்கின்றன. கர்நாடகத்தின் புரா என்னும் சிற்றூரில் சாண எரிவாயுவைச் சமையலுக்கு வழங்க அஸ்த்ரா குழுவினர் முதலில் முயன்றனர். ஊரிலிருந்த மாடுகளின் சாணம் எல்லா அடுப்புகளுக்கும் போதவில்லை. பின்னர் அவ்வாயுவால் இன்ஜின் ஒன்றை இயக்கி மின்சாரம் உண்டாக்கினர். அதனைக் கொண்டு குடிநீர் இறைத்தனர், வீடுகளில் விளக்கேற்றினர். எஞ்சிய சாணக் கரைசல் எருவாக உழவர்களிடமே திரும்பிற்று. மாடுகள் எத்தனை, சாணம் எவ்வளவு, ஊராருக்கு முதலில் வேண்டுவது யாது என்பன போன்ற எளிய விவரங்களே திட்டத்தின் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தன. ஆகவே, பம்பு செட்டு ஓடும் மணியையும் எரியும் விறகின் எடையையும் மதிப்பாகக் குறிக்காமல், அளந்து குறிக்கும் களப்பணியாளர் நாட்டின் கணக்கையே செம்மை செய்தவராவார்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் செய்து காட்டலாம். 60 வாட் குண்டு பல்பிற்குப் பதிலாக 9 வாட் எல்.இ.டி. விளக்கு நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால், ஆண்டில் மிஞ்சுவது ஏறத்தாழ 93 யூனிட். தவிர்க்கப்படும் கரியமில வாயு 65 கிலோகிராம். மாணவர்கள் தத்தம் வீட்டு விளக்குகளை எண்ணி, ஊருக்கான தொகையைக் கூட்டட்டும். பிறகு, இருபது ஆண்டுகளுக்குப்பின் தம் ஊருக்கு என்னென்ன வசதிகள் வேண்டுமென்று பட்டியல் எழுதி, அவற்றை அடைய இரு வேறு வழிகளைக் கணக்கிடட்டும். எதிர்காலச் சித்திரம் என்பது யாது என்பதை அவர்கள் அப்போது தாமே உணர்ந்துகொள்வர்.