தூக்குக் கைதி எழுதிய 300 பக்கம்! யாருடைய ரகசியத்துக்குப் பூட்டு?

தேனி:
சாயங்காலம் ஆறு மணி. தேனி பஸ் நிலையம். கம்பம் பஸ்சுக்கு முண்டியடிக்கும் கூட்டம். டீக்கடை பெஞ்சில் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர், பக்கத்தில் இருக்கும் மளிகைக் கடைக்காரரிடம் செல்போனை நீட்டுகிறார்.

"அண்ணாச்சி, இதப் பாத்தீகளா? போலீஸ் எப்.ஐ.ஆர். அப்படியே வந்துருக்கு!"

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிறார். முகம் சுருங்குகிறது.

"ஏப்பா, அந்தப் புள்ள பேரு, அப்பன் பேரு, வீட்டு விலாசம் எல்லாம் கெடக்கு. இத எதுக்கு எனக்குக் காட்டுற? மொதல்ல அழி."

"அப்ப பேப்பர்காரங்க மட்டும் எழுதலாமாக்கும்?"

பஸ் வந்துவிட்டது. பேச்சு பாதியில் நின்றது. இப்படி ஒரு காட்சி இந்த ஊருக்குப் புதிதல்ல. குமாஸ்தா கேட்ட கேள்வியும் புதிதல்ல. எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1994-லேயே எல்லை போட்டுவிட்டது. அதற்குக் காரணமானவன் யார் தெரியுமா? ஆட்டோ சங்கர்!

ஜெயிலில் பேனா

சென்னை திருவான்மியூரைக் கிடுகிடுக்க வைத்தவன் ஆட்டோ சங்கர். 6 கொலைகளுக்காக 1991 மே 31-ந் தேதி செங்கல்பட்டு செசன்சு கோர்ட்டு அவனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. ஐகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தன.

அந்த 1991-ம் ஆண்டிலேயே செங்கல்பட்டு சப்-ஜெயிலில் உட்கார்ந்து தன் கதையை எழுதினான் சங்கர். மொத்தம் 300 பக்கம். ஜெயில் அதிகாரிகளுக்குத் தெரிந்தே அதை மனைவியிடம் கொடுத்தான், அவர் வக்கீலிடம் கொடுத்தார், 'நக்கீரன்' பத்திரிகையில் வெளியிடச் சொல்லி அது வந்து சேர்ந்தது. இது பத்திரிகை தரப்பு கோர்ட்டில் சொன்ன விவரம்.

அதில் என்ன இருந்தது? ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் சிலருக்கும் தனக்கும் இருந்த நெருக்கத்தை அவன் எழுதியிருந்தானாம். தன்னுடைய குற்றங்களில் சிலர் கூட்டாளிகள் என்றும் சொல்லியிருந்தானாம்.

1994 மே மாதம் 'நக்கீரன்' விளம்பரம் போட்டது: தொடர் வருகிறது! அவ்வளவுதான். ஜூன் 15-ந் தேதி ஜெயில் ஐ.ஜி.யிடமிருந்து கடிதம் பறந்து வந்தது. 'சங்கர் இதை எழுதவே இல்லை. இது பொய். ஜெயில் விதிகளுக்கும் விரோதம். நிறுத்தாவிட்டால் சட்டப்படி நடவடிக்கை' என்பது அதன் சாரம்.

ஒரு தூக்குக் கைதி எதை எழுதினான், எதை எழுதவில்லை என்பதில் ஜெயில் இலாகாவுக்கு எவ்வளவு அக்கறை! அந்த 300 பக்கத்தில் யார் யாரைப் பற்றி எழுதியிருந்ததாகப் பேச்சு என்று யோசித்தால், அக்கறை எங்கிருந்து வந்தது என்பது விளங்காமல் போகாது.

பத்திரிகை ஆசிரியர் ராஜகோபால் (நக்கீரன் கோபால்) இணை ஆசிரியருடன் சேர்ந்து நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்.

கோர்ட்டு போட்ட வேலி

1994 அக்டோபர் 7-ந் தேதி தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் ஜீவன் ரெட்டி, சென் இருவரும் வழங்கியது.

வழக்கில் சங்கரும் கட்சிக்காரன் இல்லை, அவன் மனைவியும் இல்லை. எனவே 'சங்கர் எழுதவில்லை, அனுமதியும் தரவில்லை' என்றே வைத்துக்கொண்டு நீதிபதிகள் விஷயத்துக்குள் போனார்கள். 6 கொலை செய்தவனுக்கும் அந்தரங்கம் என்று ஒன்று உண்டா? உண்டு என்றது கோர்ட்டு!

அரசியல் சட்டத்தில் 'அந்தரங்கம்' என்ற சொல்லே கிடையாது. ஆனால் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காவல் நிற்கும் 21-வது பிரிவுக்குள்ளேயே அது அடங்கியிருக்கிறது என்றார்கள் நீதிபதிகள். 'என்னைச் சும்மா விடு' என்று கேட்கும் உரிமை அது. ஒருவனுடைய குடும்பம், கல்யாணம், பிள்ளைப்பேறு, படிப்பு பற்றி அவன் சம்மதம் இல்லாமல் எழுதினால், எழுதியது உண்மையாகவே இருந்தாலும் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். புகழ்ந்து எழுதினாலும் அதே கதிதான்.

அப்படியானால் பத்திரிகை எதைத்தான் எழுதுவது? கோர்ட்டு ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் பதிவான விஷயத்தைத் தாராளமாக எழுதலாம். சம்மதம் தேவையில்லை. சங்கரைப் பற்றியும் அந்த அளவுக்கு எழுதிக்கொள்ளலாம், அதைத் தாண்டி அவன் வாழ்க்கைக்குள் புகுந்தால் பின்விளைவுக்குப் பத்திரிகையே பொறுப்பு.

அதிகாரிகளுக்குத்தான் பலத்த அடி. உத்தியோக சம்பந்தமான காரியத்தில் அவர்களுக்கு அந்தரங்கம் என்ற கவசம் கிடையாது. பத்திரிகை எழுதியது தப்பாகவே இருந்தாலும், உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதினார்கள் என்று காட்டினால்தான் வழக்கு நிற்கும். சர்க்காரே 'என் மானம் போச்சு' என்று அவதூறு வழக்குப் போட முடியாது. அச்சாகும் முன்பே தடுக்கவும் முடியாது. ஆட்சேபணை இருந்தால், வெளிவந்த பிறகு கோர்ட்டுக்கு வா!

2017 ஆகஸ்டில் 9 நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு பெஞ்சு அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்புச் சொன்னபோது, இந்த ஆட்டோ சங்கர் வழக்கும் அங்கே பேசப்பட்டது.

பெண்ணின் பெயர்

1994 தீர்ப்பிலேயே ஒரு விதிவிலக்கும் உண்டு. பலாத்காரம், கடத்தல் போன்ற கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயர் ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக்கூடாது. கொடுமைக்கு மேல் அந்த அவமானமும் எதற்கு என்று கேட்டது கோர்ட்டு. பலாத்கார வழக்கில் பெண்ணின் பெயரை வெளியிட்டால் 2 வருஷம் வரை ஜெயில் என்ற சட்டம் 1983-லேயே வந்துவிட்டது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 72-வது பிரிவு. பெண் இறந்துபோயிருந்தாலும் இஷ்டத்துக்குப் பெயர் போடக் கூடாது, இந்த மாதிரி வழக்குகளின் எப்.ஐ.ஆரைப் பொதுவெளியில் விடவும் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2018 டிசம்பரில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

இவ்வளவு சொல்லியும் என்ன நடந்தது? 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக மாணவிக்கு நேர்ந்த கொடுமை ஊர் அறிந்தது. அந்த எப்.ஐ.ஆர். வெளியே கசிந்துவிட்டது! பத்திரிகை ஆபீசிலிருந்து அல்ல, போலீசாரின் இணையதளத்திலிருந்து. மாணவிக்கு 25 லட்ச ரூபாய் இடைக்கால நிவாரணம் கொடுக்கும்படி ஐகோர்ட்டு உத்தரவிட்டது. விசாரிக்க 3 பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட குழுவும் போட்டது.

அந்தக் குழு எப்.ஐ.ஆர். கசிந்த விவகாரத்தில் நிருபர்களை அழைத்து செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டது! நிருபர்கள் ஐகோர்ட்டுக்கு ஓடினார்கள். போன்களைத் திருப்பிக் கொடு, தொல்லை கொடுக்காதே என்று 2025 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. நிருபரின் செல்போனில் அவர் வீட்டு விஷயம் மட்டுமா இருக்கும்? அவரை நம்பித் தகவல் சொன்ன ஏழை எளியவர்களின் பெயரும் அதற்குள்தானே இருக்கிறது!

சுருளி அருவி வழக்கு

கம்பம் பள்ளத்தாக்குக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2011 மே மாதம் சுருளி அருவிப் பக்கம் போன இளம் ஜோடி கொலை செய்யப்பட்ட கொடுமையை உத்தமபாளையம், கம்பம் வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பிடிபட்டவருக்குத் தேனி கோர்ட்டு தூக்குத் தண்டனை விதித்தது. ஐகோர்ட்டு மதுரை கிளை 2019-ல் அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுதலை செய்துவிட்டது! டி.என்.ஏ. மாதிரிகளைக் கையாண்டதில் இருந்த கோளாறுகளை அடுக்கி, நாடு முழுமைக்கும் புது விதிமுறையும் போட்டது.

அவர் வெளியே வந்துவிட்டார். ஆனால் 'கொலையாளி' என்று பெயரோடு அச்சான பழைய செய்திகள்? அவை அப்படியே இருக்கின்றன. கோர்ட்டு ஆவணத்தை எழுதியதற்காகப் பத்திரிகையைக் குறை சொல்ல 1994 தீர்ப்பில் வழியில்லை. நாளைக்கு ஒரு வேலை கேட்டுப் போனால், முதலாளி செல்போனில் பெயரைத் தட்டிப் பார்க்க மாட்டாரா?

இதே சங்கடம் மதுரை கிளைக்கு வேறொரு வழக்கில் வந்தது. பலாத்கார வழக்கில் தண்டனை பெற்று, 2014-ல் அப்பீலில் விடுதலையான ஒருவர், 'தீர்ப்பிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்' என்று கேட்டார். தனி நீதிபதி 2021-ல் முடியாது என்றார். இரண்டு நீதிபதிகள் பெஞ்சு 2024 பிப்ரவரியில் முடியும் என்றது. தீர்ப்புகளைத் திரட்டித் தரும் இணையதளம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. ஜூலையில் தடை விழுந்தது. கோர்ட்டுத் தீர்ப்பு பொதுச் சொத்து, அதிலிருந்து பெயரை அழிக்க ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்பது அங்கே எழுந்த கேள்வி. விடுதலையானவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

மனுவுக்கு வந்த வினை

அதிகாரிகளுக்கு அந்தக் கவசம் கிடையாது என்று 1994-ல் கோர்ட்டு சொன்னதல்லவா? அது இப்போது வேறு வாசல் வழியாக வருகிறதோ என்ற சந்தேகம் கிளம்பியிருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் 8(1)(ஜே) என்று ஒரு பிரிவு. பொதுக் காரியத்துக்குச் சம்பந்தமில்லாத சொந்த விவரத்தைத் தர வேண்டாம், ஆனால் பொதுநலம் பெரிதாக இருந்தால் தரவேண்டும் என்று முன்பு இருந்தது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அதை வெட்டிச் சுருக்கிவிட்டது. 'தனிநபர் தகவல்' என்றாலே மறுக்கலாம். 2025 நவம்பரில் அது அமலுக்கும் வந்துவிட்டது. அந்தச் சட்டத்துக்கு 2018-ல் போட்ட முதல் நகலில் பத்திரிகைகளுக்குச் சலுகை இருந்தது. நிறைவேறிய சட்டத்தில் அதைக் காணோம்!

ஊராட்சியில் எந்தத் தெருவுக்கு எந்த காண்டிராக்டர் எவ்வளவு பில் போட்டார், யார் பெயரில் வீடு ஒதுக்கினார்கள் என்று ஆண்டிபட்டிக்காரர் மனுப் போட்டால், 'தனிநபர் விவரம், தர இயலாது' என்று ஒரே வரியில் பதில் வரலாம்.

வந்தால் விட்டுவிட வேண்டியதில்லை. பொதுநலன் பெரிதாக இருந்தால் தரலாம் என்று சொல்லும் 8(2) பிரிவு இன்னும் சட்டத்தில் இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, பதில் வந்த 30 நாளுக்குள் அதே ஆபீசின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும். அங்கும் மறுத்தால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம்.