முதுமைக்கு ஒரு பந்தர்

வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கோயிலின் ஐதீகம் ஒரு மூதாட்டியிலிருந்து தொடங்குகின்றது. மதுரையை நீங்கிய கண்ணகி, நந்திக்கடலோரத்தில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் முதியவளாக வந்து, உணவும் தங்க இடமும் கேட்டாள் என்பர். சிறுவர்கள் குழைகளாற் பந்தரிட்டனர், பொங்கல் சமைத்தனர், எண்ணெய் இல்லாமையால் கடல்நீர் வார்த்து விளக்கேற்றினர். இன்றும் வைகாசிப் பொங்கலில் உப்புநீர் விளக்கு எரிகின்றது.

அந்தப் பந்தரை இன்று இடவேண்டியவர் யார்? 2009ஆம் ஆண்டு முடிவுற்ற போரில் பிள்ளைகளை இழந்த பெற்றோர் வன்னியில் உளர். பிள்ளைகள் கடல் கடந்து வாழ, தனித்திருப்போரும் உளர்.

முதற் கடமை பிள்ளைகளுடையது என்பதே நம் நாட்டுச் சட்டம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, தம்மைத் தாமே பராமரிக்க இயலாத முதியவர், பிள்ளைகளிடமிருந்து மாதாந்தக் கொடுப்பனவு பெற்றுத்தருமாறு பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம்.

அடுத்தது அரசின் உதவிப்பணம். குறைந்த வருமானமுடைய, எழுபது வயது கடந்தோர்க்கு மாதந்தோறும் கொடுப்பனவு வழங்கப்படுகின்றது. 2012இல் 1,000 ரூபாவாகத் தொடங்கிய அது, 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 166 ரூபா. அரிசிக்கும் தேயிலைக்கும் அது துணையாகலாம். படுக்கையில் கிடப்பவரைத் தூக்கிவிட ஓர் ஆளை அமர்த்தப் போதாது. கட்டணம் பெறும் இல்லமொன்றில் சேரவும் போதாது.

ஆதரவற்றோர்க்கு அரச முதியோர் இல்லங்கள் உள்ளன. வடமாகாணச் சமூக சேவைகள் திணைக்களத்தின் இல்லம் யாழ்ப்பாணத்துக் கைதடியில் இருக்கின்றது. உதவி நாடுவோர் முதலிற் கிராம அலுவலரையும், பின்னர் கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரையும் காணுதல் முறை. ஐவருக்கு மேற்பட்ட முதியோரை வைத்துப் பராமரிக்கும் இல்லம் எதுவாயினும் சட்டப்படி பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பணம் கட்டுமுன் அப்பதிவை விசாரித்தறிவது நன்று.

பிறநாடுகள் வேறு வழி கண்டன. ஜேர்மனி 1995இலும், யப்பான் 2000இலும் பராமரிப்புக் காப்புறுதியை நடைமுறைப்படுத்தின. யப்பானில் நாற்பது வயதிலிருந்தே மக்கள் சிறு தொகை செலுத்துகின்றனர். முதுமையில் தளர்ந்தபோது செலவின் பெரும்பகுதியை அந்நிதி ஏற்கின்றது. உழைக்கும் காலத்திற் சேர்த்தது ஓயும் காலத்தில் உதவுகின்றது. அத்தகைய நிதி நம்மிடம் இல்லை.

ஆயினும் ஊரிலுள்ளோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. விண்ணப்பம் எழுதத் தெரியாமலும், பிரதேச செயலகம்வரை நடக்க இயலாமலும் உரிய உதவியை இழக்கும் முதியவர் அயலில் இருக்கக்கூடும். அவருக்காக ஒருநாளைச் செலவிடுதல் பெரிய காரியமன்று. நந்திக்கடற் கரையிற் பந்தரிட்ட சிறுவர்களிடமும் பொருள் இருக்கவில்லை. வந்தவளின் பசியை அறியும் மனம் இருந்தது.