கொழும்புக் கடலில் வந்த ஓநாய்

முதல் உலகப் போர்க் காலம், 1917 பிப்ரவரி 17. கொழும்புக்கு அருகே 'வொர்செஸ்டர்ஷயர்' என்ற பிரிட்டிஷ் கப்பல் வெடித்து மூழ்கியது. நான்கு நாளில் 'பெர்சியஸ்' கப்பலுக்கும் அதே கதி. சுற்றிலும் பகைக் கப்பல் எதுவும் கண்ணில் படவில்லை. 1914 செப்டம்பரில் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை நாம் இன்றும் பேசுகிறோம். சத்தமில்லாமல் வந்து, இந்தக் கப்பல்களை மூழ்கடித்த கடற்கண்ணிகளைப் போட்டுவிட்டுப் போன 'வோல்ஃப்' (ஓநாய்) என்ற ஜெர்மன் கப்பலைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

கடற்கண்ணி விதைக்கவென்றே ஜெர்மனி யுசி வகை நீர்மூழ்கிகளைக் கட்டியது. யுசி இரண்டாம் வகையில் ஆறு குழாய்கள், 18 கண்ணிகள். பிரிட்டனைச் சுற்றி அவை பெருநாசம் செய்தன. இந்துமாக்கடல் வரை வரும் வலு அவற்றுக்கு இல்லை. எனவே பிரேமன் நகரத்து ஹன்சா கம்பெனியின் சரக்குக் கப்பல் ஒன்றை வோல்ஃப் ஆக மாற்றிக் கட்டினார்கள். இந்தியத் துறைமுகங்களோடு வியாபாரம் செய்துவந்த கம்பெனி அது. 465 கண்ணிகள், மறைத்து வைத்த பீரங்கிகள், ஒரு சிறு கடல்விமானம். தலைவர் கார்ல் நெர்கர். 1916 நவம்பர் 30 அன்று கீல் துறைமுகத்திலிருந்து கிளம்பினார்கள்.

கண்ணியின் நங்கூரம் கடலடியில் கிடக்கும். வெடிகுண்டு கம்பியில் கட்டுண்டு நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மிதக்கும். அதன் கொம்பில் கப்பல் இடித்தால் உள்ளே கண்ணாடிக் குழல் உடையும், அமிலம் கசிந்து மின்சாரம் பிறக்கும், வெடிக்கும். வைத்தவன் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. பம்பாய்க்கு வெளியே பிப்ரவரியில் போட்ட கண்ணி, ஜூன் 23 அன்று 'மங்கோலியா' என்ற பயணிக் கப்பலைத் தாக்கியபோது வோல்ஃப் நியூசிலாந்துப் பக்கம் இருந்தது.

கண்ணிகளின் பாதிப்பு கடலோரத்தோடு நிற்கவில்லை. கல்யாண வெங்கடேசர் கோயில் உள்ள நாராயணவனத்திலிருந்து கடல் தெரியாது. ஆனால் பக்கத்திலுள்ள புத்தூர் வழியாகச் செல்லும் ரயில்பாதைதான் சென்னையைப் பம்பாயோடு இணைத்தது. பம்பாயில் இறங்கிய சீமைத் தபால் அந்தப் பாதையில்தான் வந்தது. பம்பாய் வாசலில் ஒரு கப்பல் போனால், புத்தூர் ரயில்நிலையத்தைத் தாண்டிச் செல்லும் தபாலும் குறையும்.

இந்தக் கதையில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. ஆஸ்திரேலியாவின் கேபோ தீவருகே 1917 ஜூலையில் 'கம்பர்லாண்ட்' கப்பல் வெடித்தது. கப்பலுக்குள்ளேயே யாரோ குண்டு வைத்ததாக அதிகாரிகள் நம்பினார்கள். போரை எதிர்த்த தொழிற்சங்கத்தார் மீது பழி விழுந்தது. பின்னர் அதே கடலைத் துழாவியபோது வோல்ஃப் போட்ட கண்ணிகள் சிக்கின. நெர்கரோ 451 நாள் பயணத்தை முடித்து, நூற்றுக்கணக்கான கைதிகளோடு 1918 பிப்ரவரியில் கீல் திரும்பினார்.